படாத கல்

போன வாரம் மகள் மலர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். ஏதோ ஒரு காரின் முன் கண்ணாடி. கீழிருந்து மேலாக ஒரு கீறல் ஓடி, பாதியில் வளைந்து நின்றிருந்தது. "எப்பா, இது கல்லு பட்டதுதான? சட்டுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனைத் திருப்பியும் பார்த்தேன். "தெரியலையே மக்கா" என்றேன்.

"முப்பது வருசம் இதே வேலைதான பாத்திய? உங்களுக்கே தெரியலைன்னா எப்படி?"

மலர் சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறாள். உடைந்த கார்களின் படங்கள் அவள் கம்ப்யூட்டருக்கு வரும். படத்துக்குக் கீழே காரணங்களின் பட்டியல் இருக்கும். கல், மோதல், மரம் விழுந்தது, இப்படி வரிசையாக. ஒன்றைத் தொட்டால் அடுத்த படம் வந்துவிடும். பட்டியலின் கடைசியில் 'காரணம் தெரியவில்லை' என்றும் ஒரு வரி இருக்கிறதாம். "அதத் தொட்டா மேல உள்ளவங்க நூறு கேள்வி கேப்பாங்க. அதனால யாரும் தொடுததில்ல" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அந்தப் பேச்சு அப்படியே மனதில் நின்றுவிட்டது. நானும் பல வருடம் அந்தக் கடைசி வரியைத் தொடாமல் இருந்தவன்தான். அதனால் ஒரு மனிதனுக்கு வேலை போனது. உங்கள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். மலர், கதிர், உங்கள் இருவருக்கும் இதை நான் சொன்னதே இல்லை. இப்போது எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சேர்ந்தது டவுனில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம். கண்ணாடி அறுக்கப் பழகியது அங்கேதான். கட்டரை ஒரே இழுப்பில் இழுத்துவிட வேண்டும். சரியாக விழவில்லையே என்று அதே கோட்டில் இரண்டாம் தரம் இழுத்தால், கண்ணாடி தன் இஷ்டத்துக்கு வேறு பக்கம் போய்விடும். இதைப் பழக ஒரு வருடம் ஆனது. வெட்டுப்பட்ட விரல்கள் ஆற இன்னொரு வருடம். பிறகு நம் ஊர் வண்ணார்பேட்டையில் கார் கண்ணாடி மாற்றும் கடைக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

கடை முதலாளி பால்ராஜ் அண்ணாச்சி. எப்போதும் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், அதில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று மை தீர்ந்துபோனது. மை தீர்ந்த பேனாவைத்தான் அவர் பத்திரமாக வைத்திருப்பார். யாருக்கும் தர மாட்டார்.

உடைந்த கண்ணாடியோடு வருகிறவர்கள் வந்ததும் கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். எங்கே போனோம், எவன் முந்தினான், யார் கண் பட்டது என்று. அண்ணாச்சி காது கொடுக்க மாட்டார். "கதைய அப்புறமாச் சொல்லும். இப்பம் கொஞ்சம் தள்ளி நில்லும், வெளிச்சத்த மறைக்கீரு" என்பார். ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைப்பார். காய்ந்த துணியால் இன்னொரு தரம். பிறகு மை தீர்ந்த பேனாவை எடுத்து, அழுத்தாமல், கீறலின் மேல் பைய ஓட்டிக்கொண்டு போவார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால்கூட நிறுத்திவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பார்.

அதில் உள்ள விஷயம் இதுதான். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியிருப்பார்கள். கல் வந்து பட்டால் வெளிக் கண்ணாடியில் மிளகு அளவாவது ஒரு குழி விழும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பேனா முனை அதில் தட்டி நிற்கும். அந்தக் குழியில் இருந்துதான் கீறல் கிளம்பியிருக்கும். பேனா எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டே போய், கீறல் கண்ணாடியின் விளிம்பில் கொண்டுபோய் விட்டால், அது கல் இல்லை. விளிம்பில் ஏதோ நடந்திருக்கிறது. சட்டம் வளைந்திருக்கலாம், துரு வீங்கியிருக்கலாம், பொருத்தியவன் கத்தி பட்டுச் சில்லு தெறித்திருக்கலாம்.

பின் கண்ணாடி வேறு சாதி. அது கீறாது, ஒரேயடியாக வெடித்துக் கல் உப்பு மாதிரி கொட்டிவிடும். ஒரு தரம் பாளையங்கோட்டையில் கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற கார் அப்படிக் கொட்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வண்டி. பெண் வீட்டுக்காரர்களில் ஒருத்தன்தான் எறிந்தான் என்று தாலி கட்டும் முன்பே அடிதடி ஆகிவிட்டது. அண்ணாச்சி போய்ச் சிதறலைக் கிளறி, சட்டத்தின் ஓரத்தில் ஒரு திருகாணியைக் காட்டினார். பாட்டுப் பெட்டிக்கு ஒயர் இழுத்தவன் கண்ணாடி ஓரத்தை உரசுகிற மாதிரி முடுக்கி வைத்திருந்தான். பெண்ணின் அப்பா அந்தத் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார். எங்களுக்கு அன்றைக்குப் பந்தியில் முதல் வரிசை.

இவ்வளவு தெரிந்த அண்ணாச்சியிடம் ஒரு பழக்கமும் இருந்தது. இன்சூரன்ஸ் படிவத்தில் 'உடைந்த காரணம்' என்று ஒரு கட்டம் வரும். அதில் என்ன இருந்தாலும் கல் என்றே எழுதச் சொல்லுவார். "கல்லுன்னு போடு வே. கல்லுக்குப் பேரா ஊரா? எவனும் போய் அதுகிட்ட விசாரிக்க மாட்டான்" என்பார். மற்ற எதை எழுதினாலும் ஆள் வரும், படம் எடுக்கும், வண்டி பத்து நாள் கடையில் கிடக்கும். வண்டிக்காரருக்கும் சிரமம், நமக்கும் சிரமம். அதனால் ஊரில் எங்கள் தொழிலில் இருந்த அத்தனை பேரும் கல் என்றே எழுதினோம். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று படிவம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. கீறலின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பதையும் போகப் போக விட்டுவிட்டேன். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எழுதப்போவது கல்தானே.

இனி சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன்.

பெருமாள்புரத்தில் நெல்லையப்பன் சார் என்று ஒருவர். கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார். மகன் பெங்களூரில். ஒரு வெள்ளைக் கார் வைத்திருந்தார். டிரைவர் இசக்கிமுத்து, அவரிடம் பதினோரு வருடமாக ஓட்டியவன். மாதம் தவறாமல் அமாவாசைக்குப் பாபநாசம் போய் ஆற்றில் குளித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார் சார். கிளம்பும் முன் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்து காரின் முன்பக்கத்தில் ஊற்றுவார். கார் வாங்கிய புதிதில் அவர் மனைவி அப்படி ஊற்றினார்களாம். அந்த அம்மா போன பிறகு சார் ஊற்றினார்.

இது நடந்த வருடம் சித்திரையில் கார் முதல் தரம் கடைக்கு வந்தது. சேரன்மகாதேவிப் பக்கம் லாரி டயரிலிருந்து கல் தெறித்தது, சத்தம் கேட்டது என்று இசக்கியே சொன்னான். குழியும் இருந்தது. கல் என்று எழுதினேன். அது உண்மை.

கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டும்போது அது கீழே வழுக்காமல் இருக்க அடியில் இரண்டு ரப்பர்க் கட்டைகள் தாங்கி நிற்கும். இடது பக்கத்து ரப்பர் பொடிந்து போயிருந்தது. புதிது மதுரையில் இருந்து வர வேண்டும், நாலு நாள் ஆகும். மறுநாள் அமாவாசை. சார் போயே ஆக வேண்டும். பக்கத்து ஆசாரி கடையில் கிடந்த பூவரசங்கட்டையில் ஒரு துண்டை எடுத்து ஆப்பு மாதிரி செதுக்கி, ரப்பர் இருந்த இடத்தில் வைத்துக் கண்ணாடியை ஒட்டிவிட்டேன். பசை காய ரெண்டு நாள் கண்ணாடியில் தண்ணீர் படக் கூடாது, ரப்பர் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன், வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ரப்பர் வந்தது. அதற்குள் சார் பெங்களூருக்குப் போய்விட்டார். ரப்பர் என் மேஜை இழுப்பறைக்குப் போனது. நான் மறந்தேன்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் கார் மறுபடி வந்தது. நெடுகக் கீறல். "காலைல வந்து வண்டியப் பாக்கேன், இப்படிக் கிடக்கு" என்றான் இசக்கி. நான் கீறலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போன தரம் கல், இந்தத் தரமும் கல் என்று எழுதினேன். பழைய கண்ணாடியை எடுத்தபோது அடியில் என் பூவரசங்கட்டை அப்படியே உட்கார்ந்திருந்தது. பரவாயில்லையே, நன்றாகத்தான் தாங்குகிறது என்று புதுக் கண்ணாடியையும் அதன் மேலேயே வைத்தேன். ரப்பர் என் இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்தது. ஒரு எட்டில் எடுத்திருக்கலாம்.

புரட்டாசி அமாவாசை முடிந்து கார் மூன்றாம் தரம் வந்தபோது ஓட்டிவந்தது வேறு யாரோ. நான் படிவத்தை எடுத்து, 'காரணம்' கட்டத்தில் கல் என்றும் எழுதிவிட்டேன். அப்போது இசக்கி கடைக்குள் வந்தான்.

"வா இசக்கி, என்ன, வண்டிய வேற ஆளு கொண்டாந்திருக்கு?"

"இப்பம் நான் இல்ல அண்ணாச்சி. சார் வேண்டாம்னுட்டாவ."

"ஏன், என்ன ஆச்சு?"

"நீரு எழுதுனதுதான் ஆச்சு." என் கையில் இருந்த படிவத்தை அவன் பார்த்தான். "வரும்போது சார் பின்னால படுத்துத் தூங்கிருவாவ. போன தரம் கல்லுன்னு நீரு எழுதுன பேப்பரு அவிய கையில இருக்கு. கல்லு பட்டத ஏன்டா எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டாவ. படலை சார்னேன். இந்தத் தரமும் உடைஞ்சதும், நீ லாரிக்குப் பின்னால ஒட்டிப் போற, கேட்டாப் பொய் சொல்லுத, பொய் சொல்லுதவன் எனக்கு வேண்டாம்னுட்டாவ. பதினோரு வருசம், அண்ணாச்சி. இப்பம் எம் பொஞ்சாதியே கேக்கா, உண்மையிலேயே கல்லு படலையான்னு."

"அது வந்து, இசக்கி, படிவத்துல வழக்கமா அப்படித்தான்…"

"வழக்கமெல்லாம் எனக்கு வேண்டாம். அந்தக் கல்ல எனக்குக் காட்டும். எங்கன பட்டிருக்கு? தொட்டுக் காட்டும். நான் போயிருதேன்."

கடையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் உள்ளே போய் அண்ணாச்சியிடம் மை தீர்ந்த பேனாவைக் கேட்டேன். அவர் என்னையும் வெளியே நின்ற இசக்கியையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, எடுத்துத் தந்தார். அவர் அதை எனக்குத் தந்தது அன்றைக்குத்தான்.

ஈரத் துணியால் துடைத்தேன். காய்ந்த துணியால் துடைத்தேன். பேனாவைக் கீறலின் மேல் நுனியில் வைத்துக் கீழே ஓட்டினேன். இசக்கி குனிந்து மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயும் தட்டவில்லை. உள்பக்கமும் ஓட்டினேன். தட்டவில்லை. கீறல் வளைந்து இறங்கி, கடைசி நாலு விரல் அளவு நேராகப் போய், இடது மூலைக்கு ஒரு சாண் தள்ளி, வைப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்பு மூடிக்குள் புகுந்தது.

"போன தரமும் இங்கன இருந்துதான் கிளம்பியிருந்துது" என்றான் இசக்கி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருசமா இந்தக் கண்ணாடி வழியாத்தான வே ரோட்டப் பாக்கேன்! இன்னொண்ணும் கேளும். ரெண்டு தரமும் பாவநாசம் போயிட்டு வந்த மறுநாள் காலைலதான். ஆவணியில எனக்குக் காய்ச்சல், போகலை. ஒண்ணும் ஆகலை."

"நீ தண்ணி ஊத்திக் கழுவுவியா?"

"நான் துணிய நனைச்சித் தொடைக்கதோட சரி. ஊத்துதது சார் ஊத்துத ஒரு குடந்தான்."

வைப்பரைக் கழற்றி, கறுப்பு மூடியைத் தூக்கினேன். சார் வீட்டில் கார் நிற்பது வேப்பமரத்தடியில். மூடிக்குக் கீழே வேப்பிலையும் பூவும் மட்கி, தண்ணீர் வடியும் துவாரத்தை அடைத்திருந்தன. உள்ளே இரண்டு நாள் ஆன தண்ணீர் இன்னும் தேங்கி நின்றது. அதில் ஊறிக் கறுத்து நின்றது என் பூவரசங்கட்டை. கீறல் சரியாக அதன் தலையில் இருந்து கிளம்பியிருந்தது. விரலால் பிடித்து இழுத்தேன், வரவில்லை. குறடு போட்டுத்தான் உருவ முடிந்தது. வைக்கும்போது இரண்டு விரலில் தள்ளி வைத்த கட்டை.

அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது.

"அது என்னது அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. குப்பை" என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் போட்டேன்.

இசக்கி என் முகத்தையே பார்த்தான். "கல்லு இல்லைன்னாவது தெரிஞ்சிதுல்லா, அத சார்கிட்டச் சொல்லும்" என்றான். "பாக்கேன்" என்றேன். அவன் போய்விட்டான். சட்டைப் பை நனைந்து நெஞ்சில் ஒட்டியது.

கட்டையைக் கடை வாசலில் வெயிலில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. கொண்டுபோய் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன், தளர்வாக ஆடியது. பிறகு ஒரு டீ கிளாசில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் எடுத்து அதே இடத்தில் வைத்தால் நுழையவே இல்லை. ஊறின மரம் வீங்கிக் கண்ணாடியின் விளிம்பை அடியில் இருந்து நெம்புகிறது, மேலே பசை அதை விடாமல் பிடித்திருக்கிறது, பகல் முழுக்க வெயில் வேறு. கண்ணாடி என்ன செய்யும், எந்த இடத்தில் வலிக்கிறதோ அந்த இடத்தில் விட்டுவிட்டது.

கிளாசோடு அண்ணாச்சியிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைத்தார்.

"நம்ம கடைக் கட்டைதானா?"

"நான் செதுக்குனது அண்ணாச்சி."

"வெளிய தெரிஞ்சா இங்க எவன் வே கண்ணாடி மாத்த வருவான்?" என்றார். அவர் எழுந்து போய், சாரின் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "கல்லுன்னு எழுதச் சொன்னது என் வாயி. எழுதுனது யாரு கை?"

"என் கை."

"கண்ணாடிய நம்ம கடை போட்டுக் குடுக்கும். இன்சூரன்சுக்கு அந்தப் பேப்பரு போக வேண்டாம். ஆனா சார்கிட்டப் போய்ப் பேசுதது நீதான். நான் வந்தா நீ என் முதுகுக்குப் பின்னால நின்னுக்குவ."

அன்றைக்கே பெருமாள்புரம் போனேன். சார் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கட்டையையும், உறை பிரிக்காத ரப்பரையும் அவருக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பரீட்சை வைக்கிற மாதிரிக் கேட்டார்.

"சித்திரையில ஏன் உடையலை?"

"பசை காயணும்னு ரெண்டு நாளைக்குத் தண்ணி வேண்டாம்னு சொல்லியிருந்தேன் சார். நீங்க அன்னைக்கு ஊத்தலை."

"ஆமா. இசக்கி தடுத்தான். வைகாசி, ஆனி நான் இங்க இல்லை. ஆடியில ஊத்துனேன். ஆவணியில போகலை. புரட்டாசியில ஊத்துனேன்." விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அப்படின்னா நான் ஊத்துன தண்ணி."

"தண்ணி ஊத்துனது நீங்க சார். ரப்பர் இருக்க வேண்டிய இடத்துல மரத்த வச்சது நான்."

"சரி. கல்லுன்னு ஏன் எழுதினீரு?"

"எல்லாத்துக்கும் அப்படித்தான் சார் எழுதுவோம்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "என் முன்னால நின்னு இசக்கி சத்தியம் பண்ணினான். நான் அத நம்பலை. முன்னப்பின்ன தெரியாத உம்ம கையெழுத்த நம்புனேன்."

இதுவரை யார் அடித்தும் எனக்கு அவ்வளவு வலித்ததில்லை.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ பிடித்தோம். இசக்கி வீட்டில் கேட்டதில், அவன் அதற்குள் ஒரு பள்ளிக்கூடத்து வேனில் சேர்ந்துவிட்டது தெரிந்தது. பள்ளி விடுகிற நேரம். வாசலில் வேனை நிறுத்திவிட்டு வெளியே நின்றிருந்தான். சார் இறங்கிப் போய், "இசக்கி, தப்பு என்னுது. நீ பொய் சொல்லலை" என்றார். அவனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இருக்கட்டும் சார்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு அந்தக் கட்டையப் பாத்துக் குப்பைன்னு சொன்னேன்லா" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்வே. குப்பைய எவன் சட்டைப் பையில போடுவான்?"

சார் அவனை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். அவன் தலையாட்டவில்லை. "பிள்ளைகளப் பாதியில விட்டுட்டு வர முடியாது சார். வேற ஆளு பாருங்க. ஆனா பேப்பருல கல்லுன்னு இருக்குல்லா, அத மாத்தணும்."

வேனின் முன்பக்கத்தில் தாளை வைத்து நின்றபடியே எழுதினேன். ஆடியிலும் புரட்டாசியிலும் கண்ணாடி உடைந்தது கல் பட்டு அல்ல, நான் வைத்த மரக்கட்டை ஊறி வீங்கியதால், இதில் ஓட்டுநர் மீது எந்தத் தவறும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இசக்கி இரண்டு தரம் படித்தான்.

"ஓட்டுநர்னு போட்டிருக்கீரு. எந்த ஓட்டுநர்? எம் பேர எழுதும்."

ஓட்டுநர் இசக்கிமுத்து என்று எழுதினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "வீட்டுல காட்டணும்" என்றான். அதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் ஓடி வந்து வேனில் ஏறிவிட்டார்கள்.

அவன் சாரிடம் திரும்பி வரவே இல்லை. எங்கள் கடையைத் தாண்டித்தான் வேன் போகும். மறுநாள் சாயங்காலம் வேனின் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, கல்லு ஆப்ட்டுதா?" என்று கத்தினான். கல் அகப்படவில்லை என்று கையை விரித்தேன். அதன்பிறகு அது தினமும் ஆகிவிட்டது. பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து கத்தும். பால்ராஜ் அண்ணாச்சி முதலில் முறைத்தார், கொஞ்ச நாளில் அவரும் மணி பார்க்க ஆரம்பித்துவிட்டார். படிவத்தில் தெரியாததைத் தெரியவில்லை என்று நான் எழுதினால் அவர் மறுப்புச் சொன்னதில்லை. ஆட்கள் வந்தார்கள், கேள்வி கேட்டார்கள், வண்டிகள் கடையில் கிடந்தன. அந்தச் சிரமம் எல்லாம் பட்டோம்.

கதிர், ரெண்டாம் வகுப்பில் இருந்து நீ போனது அந்த வேனில்தான். "எப்பா, வேன் மாமா உங்களப் பாத்து ஏன் கல்லு ஆப்ட்டுதான்னு கேக்காரு?" என்று ஒருநாள் கேட்டாய். வேன் பிள்ளைகளிடம் அவன் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். நீயும் அந்த வேனில் இருந்து என்னைப் பார்த்துக் கத்தியிருக்கிறாய். உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

மலர், நீ அனுப்பிய படத்தை மறுபடியும் பார்த்தேன். கீறலின் கீழ் நுனி வைப்பருக்கு அடியில் போகிறது, அதற்கு மேல் தெரியவில்லை. அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல். வண்டியை ஓட்டியவரிடம், அவர் பெயரைக் கேட்டு, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேள். அது வரைக்கும் பட்டியலின் கடைசி வரியைத் தொடு.